தண்ணீர் வரும் வழி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரையும் குப்பையையும் பற்றியவை. ஒரு கடிதம் கடலோரத்திலிருந்தே வந்திருக்கிறது. அதற்குச் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் பெருந்துறையில் பிறந்து வளர்ந்தவள். ஆசிரியை வேலை கிடைத்து, பூம்புகாருக்குத் தெற்கே ஒரு சின்னக் கடலோரப் பேரூரில் குடியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஞாயிறுதோறும் கடற்கரையில் குப்பை பொறுக்குகிறோம். அடுத்த ஞாயிறு போனால் பழையபடியே கிடக்கிறது. பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. இதற்கிடையில் வெளியூர்க்காரர்கள் சிலர் சவுக்கு நாற்றும் அலையாத்தி நாற்றும் ஆயிரக்கணக்கில் தருகிறோம், கரை முழுக்க நட்டுவிடுங்கள் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மிணி. எங்கே நடுவது என்று தெரியாமல் நாற்றை வாங்கி வைக்க வேண்டாம். குப்பையை முதலில் பார்த்துவிட்டு மரத்துக்கு வருகிறேன்.

அடுத்த முறை பொறுக்கியதை மூட்டை கட்டி அனுப்பிவிடாதீர்கள். பள்ளி மைதானத்தில் ஒரு தார்ப்பாயை விரித்துக் கொட்டி, பிள்ளைகளை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். படகிலிருந்து வந்தது ஒன்று: நைலான் வலைத் துண்டு, கயிறு, உடைந்த தெர்மகோல் பெட்டி, மிதவை. ஊருக்குள்ளிருந்து வந்தது இன்னொன்று: டீ கப், பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், கறிக்கடைப் பை. மூன்றாவது ஆற்றோடு வந்தது. நிறம் வெளுத்த பாட்டிலும், ஒற்றைச் செருப்பும், காய்ந்த ஆகாயத்தாமரையில் சிக்கிய பையும் அந்தக் குவியலுக்குப் போகும். எது பெரிய குவியல் என்று பிள்ளைகளே சொல்லட்டும். மூன்றும் வந்த வழி வேறு வேறு. தடுக்க வேண்டிய இடமும், போய்ப் பேச வேண்டிய ஆளும் வேறு வேறு. எல்லாவற்றையும் கடற்கரையில் வைத்தே பிடிக்கப் பார்த்தால் ஆயுசுக்கும் குனிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

படகுக் குவியலுக்கு மீனவர் பஞ்சாயத்தாரிடம் போக வேண்டும். கடலோரக் குப்பங்களில் ஊர் முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகும் முன்பே அவர்களைப் பாருங்கள். புத்தி சொல்லும் தோரணையில் போகாதீர்கள். அறுந்து கடலுக்குள் போன வலை ஆளில்லாமலே மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டு கிடக்கும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி, வலையை விரித்துப் போட்டுப் பழுது பார்க்கும் நாள்கள் அவை. அறுத்துப் போடும் துண்டுகள் அப்போதுதான் குவியும். வலை பின்னும் இடத்தில் ஒரு சாக்கு கட்டி வைக்க அனுமதி கேளுங்கள். பழைய நைலானை எடைக்கு எடுப்பவர்கள் இருந்தால், வரும் காசு அந்தக் குப்பத்துக்கே போகட்டும். உங்கள் குழுவின் கணக்கில் வரவு வைக்காதீர்கள். அப்போதுதான் அடுத்த வருடம் சாக்கை அவர்களே கட்டுவார்கள்.

ஊர்க் குவியலுக்கு ஒரு நடை நடந்தால் போதும். உங்கள் ஊர்ச் சாக்கடைகள் கடலிலோ கழிமுகத்திலோ வந்து விழும் வாய்கள் எத்தனை என்று எண்ணுங்கள். சின்ன ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐப்பசி மழைக்கு முன்பாக அந்த வாய்களில் கம்பி வலை போடச் சொல்லலாம். ஆனால் வலை கேட்பதற்கு முன்னால், அதில் தேங்குவதை வாரம் தவறாமல் அள்ள யார் வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அள்ளாத வலை முதல் மழையிலேயே சாக்கடையைத் தெருவுக்குள் ஏற்றிவிடும்; ஜனங்கள் பிடுங்கி எறிந்துவிட்டு உங்களைத் திட்டுவார்கள். அவர்கள் திட்டுவதும் நியாயம். பேரூராட்சியில் கிராமசபை கிடையாது. அதற்குப் பதிலாக 2022 முதல் பகுதி சபாக் கூட்டம் நடக்கிறது. உங்கள் வார்டு உறுப்பினர் அதற்குத் தலைவர். அங்கே இந்த ஒரே கோரிக்கையை வையுங்கள். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் மறந்துபோகும்.

ஆற்றுக் குவியல் உங்கள் கையில் இல்லை. அது ஆற்றின் மேல்பக்கத்து ஊர்க்காரர்களான எங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

இப்போது மரத்துக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். காற்றைத் தணிக்கும், விறகாகும், அதில் பொய்யில்லை. ஆனால் அலை தொடும் மணல் வரைக்கும் நெருக்கி நட்டுவிட்டால் பங்குனி ஆமைக்கு இடமில்லாமல் போகிறது. தை, மாசி, பங்குனியில் ராத்திரி நேரத்தில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஒரு ஈட்டுக்கு நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் பிராணி அது. குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் நகரும். பழைய காலத்தில் அது கடல் பக்கமாக இருந்தது. இப்போது தெருவிளக்கும் விடுதி விளக்கும் அவற்றை ஊருக்குள் இழுத்து, நாய் வாயில் கொண்டுபோய் விடுகின்றன. அந்த மாதங்களில் கடல் பக்க விளக்குகளுக்கு மறைப்புப் போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆயிரம் நாற்று நடுவதைவிட அது பெரிய காரியம். முட்டையை யாரும் தோண்டக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. தடம் கண்டால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

மணல்மேட்டில் படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடியையும், முள்முள்ளாக நிற்கும் இராவணன் மீசையையும் சுத்தம் செய்கிற வேகத்தில் பிள்ளைகள் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணலைப் பிடித்து மேடாக்கி, அந்த மேட்டைக் கரையாது வைத்திருப்பவை அவைதான். நெய்தல் பாடிய சங்கப் புலவர்கள் அடம்பின் பூவைக் கண்ணாரக் கண்டு பாடியிருக்கிறார்கள். எங்கேனும் நட்டே தீர வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், மணல்மேடு சிதைந்த இடத்தில் மழைக்கு முன்னால் அடம்பங்கொடியைக் கணுவோடு நறுக்கி ஊன்றச் சொல்லுங்கள். செலவே இல்லை.

அலையாத்தியைத் திறந்த கடற்கரை மணலில் நட்டால் ஒன்றும் பிழைக்காது. அதற்குச் சேறு வேண்டும், கடல் ஓதம் ஏறி இறங்க வேண்டும். பிச்சாவரத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே முன்காலத்தில் காட்டைக் கூறு கூறாகப் பிரித்து மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போன சேற்று நிலம் வெயிலில் காய்ந்து, நடுவில் குழிந்துவிட்டது. ஓதத்தோடு உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. அடுப்பில் ஏற்றிய உப்புத் தண்ணீர் சுண்டச் சுண்டக் கரிப்பது போல அந்த மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான். அதுவே தாங்காத அளவுக்கு ஏறிவிட்டது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அவ்வூர் மக்களும் சேர்ந்து செய்தது என்னவென்றால், பெரிய வாய்க்கால் ஒன்றும் அதிலிருந்து மீன்முள்ளைப் போல இரு பக்கமும் சின்ன வாய்க்கால்களும் வெட்டியதுதான். ஓதம் உள்ளே வந்து திரும்பிப் போக வழி கிடைத்தது. உப்பு இறங்கியது. அதன் பிறகு நட்ட கன்று நின்றது.

இதைப் படித்தறிந்த நாளிலிருந்து எங்கள் ஊர்க் குட்டைகளையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். உங்கள் ஊர்க் கழிமுகத்தில் ஓதம் எதுவரை ஏறுகிறது, எந்த ரோடு போட்டதால் எந்த ஓடை மூடிப்போனது என்று வயதான மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். மூடிய ஓடை ஒன்றைத் திறக்க வைத்தீர்களானால் நாற்றே தேவைப்படாது. விதை தண்ணீரில் மிதந்து தானே வந்து சேரும்.

கேள்வி: ஏனுங்கம்மா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லருங்க. கடற்கரையில் குப்பை பொறுக்கும் செய்தியை டிவியில் காட்டுகிறார்கள். கடல் எங்கேயோ கிடக்கிறது, நமக்கும் அதற்கும் என்ன இருக்கிறது?

பதில்: தண்ணீர் போகும் வழியைச் சொல்கிறேன், நீங்களே பாருங்க தம்பி. வெள்ளியங்கிரி மலையில் புறப்படும் நொய்யல் கோவையைத் தாண்டி உங்கள் ஊருக்குள் நுழைகிறது. ஜம்மனை ஓடை, சங்கிலிப் பள்ளம், நல்லாறு எல்லாம் திருப்பூர்க் குப்பையோடு அதில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஒரத்துப்பாளையம், பிறகு கரூர் மாவட்டத்தில் ஆற்றின் பேரையே கொண்ட நொய்யல் ஊரில் காவிரி. காவிரியில் இறங்கியது மாயனூர்க் கதவணையைத் தாண்டி முக்கொம்புக்குப் போகிறது. வெள்ளம் பெருகினால் அங்கே கொள்ளிடத்தில் திருப்பி விடுவார்கள். கொள்ளிடம் பழையாறு பக்கம் கடலில் விழுகிறது. ஐப்பசியில் ஒரே மழையில் உங்கள் தெருப் பள்ளத்தில் (ஓடையில்) மிதந்து போகும் பாலித்தீன் பையை வழியில் நிறுத்த ஒரு கதவணைக்கும் உத்தரவில்லை. மேலே கடிதம் எழுதிய ஆசிரியையின் தார்ப்பாயில் அது போய் விழலாம்.

உங்கள் தொழிலிலேயே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. பருத்திக் கட்டிங் வேஸ்ட்டை யாரும் பள்ளத்தில் கொட்டுவதில்லை, ஏனென்றால் அதற்கு விலை இருக்கிறது, மறுபடியும் நூலாகிறது. பள்ளத்தில் கிடப்பதெல்லாம் விலை இல்லாதவை: கிழிந்த பாலி பை, எலாஸ்டிக் துண்டு, கலப்பு நூல் துணித் துண்டு. உங்கள் யூனிட்டில் இவற்றைத் தனி மூட்டையாகக் கட்டச் சொல்லி மேஸ்திரியிடம் பேசுங்கள். மாநகராட்சி வண்டிக்காரர் கலந்து கொட்டியதைத்தான் மறுப்பார். பிரித்துக் கட்டியதை வாங்கிக்கொள்வார். மாதம் ஒரு முறை வாசல் பள்ளத்தைக் கூட்டி அள்ளுவதைவிட இது சுலபம்.

கேள்வி: சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையோரம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. கைத்தறியும் ஓட்டுகிறோம். சாயத் தண்ணீர் வருவது நின்று இத்தனை வருடமாகியும் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. இந்தத் தண்ணீர் என்றைக்காவது சரியாகுமா அக்கா?

பதில்: எங்கள் தோட்டமும் அதே சீமைதான் தங்கச்சி. பருப்பு வேகாத தண்ணீரை நானும் குடித்தவள். எங்கள் வீட்டில் ஒரம்பரை வந்தால் காப்பிக்குத் தண்ணீர் வெளியிலிருந்து கொண்டுவந்த காலம் உண்டு. அதனால் இந்தக் கேள்வியை நான் மேம்போக்காகக் கடந்து போக மாட்டேன்.

ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிந்தது. வெள்ளாமைக்கென்று கட்டிய அணையில் சாயக் கழிவுநீர் வந்து தேங்கியது. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு நிறைய வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறத்தையும் அழுக்கையும் எடுத்துவிடலாம், கரைந்த உப்பு அப்படியே தண்ணீரோடு போகும். அணைக்குள் நின்ற அந்தத் தண்ணீர் சுற்று வட்டாரக் கிணறுகளுக்குள் இறங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகே உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்ப எடுக்கும் முறை திருப்பூரில் நிலைபெற்றது. இது தானாக வந்ததில்லை. கோர்ட்டு வாசலில் வேட்டி மடித்துக் காத்திருந்த உழவர்கள் வாங்கித் தந்தது. அவர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

உங்கள் கிணற்றுக்கு வருகிறேன். உப்பு ஆவியாகிப் போகாது. நல்ல தண்ணீர் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதனால் உங்கள் மூன்று ஏக்கரில் விழும் மழை வெளியே ஓடாமல் இருக்க வரப்பை உயர்த்துங்கள். பள்ளத்துப் பக்கம் ஒரு பண்ணைக்குட்டை எடுங்கள். கூரைத் தண்ணீரை மணலில் வடித்துக் கிணற்றில் விடுங்கள். மண்ணையும் தண்ணீரையும் வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகே ஜிப்சம் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். சோடியம் ஏறிய களர் மண்ணுக்கு ஜிப்சம் கேட்கும், கரையும் உப்பு மட்டும் ஏறிய உவர் மண்ணுக்கு அதனால் பயனில்லை. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள், உப்பைத் தாங்கி வளரும் பயிர் அது. இரண்டு நல்ல மழைக்காலம் கண்டபின் மறுபடியும் தண்ணீரைப் பரிசோதியுங்கள். கணக்கைச் சுவரில் எழுதி வையுங்கள். முன்னேற்றம் நாக்குக்குத் தெரியும் முன்பே எண்ணில் தெரியும்.

கேள்வி: அவிநாசிக்கு வடக்கே எங்கள் ஊர்க் குட்டைக்கு அத்திக்கடவுத் தண்ணீர் வந்துவிட்டது. இளைஞர்கள் நாங்கள் பணம் திரட்டி ஜேசிபி வைத்துத் தூர்வாரி, கரை முழுக்க மரம் வைக்கலாம் என்று இருக்கிறோம். எதில் தொடங்கலாம்?

பதில்: அறுபது வருடத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு வந்த தண்ணீர் அது. எங்கள் அப்பன் காலத்துக் கூட்டங்களில் கேட்ட பேச்சு, 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்து வைத்தபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகும் 1.5 டி.எம்.சி. தண்ணீரை மேடேற்றி, 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் திட்டம். விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்தால் அந்தக் கணக்கு வரும். உபரி என்ற சொல்லைக் கவனியுங்கள் தம்பிகளா. பவானியில் மிஞ்சினால்தான் உங்களுக்கு. மிஞ்சாத வருடத்தில் உங்கள் குட்டையை நிரப்ப வேண்டியது உங்கள் ஊர் வானமும் உங்கள் ஊர்ப் பள்ளமும்தான். குழாய் வந்த சந்தோஷத்தில் அந்தப் பள்ளத்தை ஊர் மறந்துவிடுமோ என்பதே என் பயம்.

அதனால் ஜேசிபிக்குக் கொடுக்கும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் நடந்து போங்கள். குட்டையின் வரத்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று மேட்டுப் பக்கமாக ஏறிப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் அடங்கிய ‘அ’ பதிவேட்டையும், நில எல்லை காட்டும் புலப்படத்தையும் கேளுங்கள், இரண்டும் வருவாய்த் துறை இணையதளத்திலும் கிடைக்கின்றன. படத்தில் வாய்க்கால் என்று கோடு போட்ட இடத்தில் இன்று லேஅவுட் ரோடும், கோழிப்பண்ணை வேலியும், தென்னைக் கன்றும் நிற்கக்கூடும். ரோட்டுக்கு அடியில் குழாய்ப்பாலம் வைக்காமல் விட்டிருப்பார்கள். அதைச் சரி செய்ய ஒரு மனு போதும். ஆக்கிரமிப்பு என்றால் முதலில் அந்த வீட்டுக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போய்ப் பேசுங்கள். படிந்து வராவிட்டால், 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. பொதுப்பணித் துறை ஏரிகளுக்கென்று வந்த சட்டம் அது. உங்கள் குட்டை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை வெள்ளலூர் குளத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பல வருடம் வறண்டு கிடந்த குளம். தன்னார்வலர்கள் அதன் ராஜவாய்க்காலில் அடைத்துக் கிடந்த குப்பையையும் புதரையும் அள்ளிய பிறகு நொய்யல் தண்ணீர் உள்ளே வந்தது. பிற்பாடுதான் கரையில் காடு வளர்த்தார்கள். இன்று அங்கே வண்ணத்துப்பூச்சி எண்ணப் பிள்ளைகள் வருகிறார்கள்.

தூர்வாருவதில் இன்னொன்று. குட்டையில் படிந்த வண்டல் உங்கள் காட்டுக்கு உரம். அதை விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் இலவசமாக எடுக்கலாம். வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கும்படி 2024-ல் எளிதாக்கினார்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு உண்டு. ஊர்க்காரர் அவரவர் டிராக்டரில் எடுத்தால் உங்கள் நிதி மிச்சம். வண்டலோடு நிறுத்துங்கள். அடியில் இருக்கும் கிராவலைத் தோண்டி விற்க யாராவது இந்த அனுமதியைக் கேடயமாகப் பிடித்தால், அன்றைக்கே எழுந்து தடுங்கள். ஒரே ஆழமாகக் கிணறு போலவும் வெட்டாதீர்கள். ஒரு பக்கம் சரிவாக விட்டால்தான் ஆடு மாடு இறங்கும், நீர்ப்பறவை காலூன்றும்.

கரையின் உச்சியில் ஆலும் அரசும் வைக்க வேண்டாம். பெரிய வேர் செத்து மக்கினால் அந்தத் துளை வழியே கரை கசியும். கரையின் வெளிச்சரிவில் பனை விதை போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் உதிரும். பத்தடிக்கு ஒன்றாகக் குழி எடுத்துப் புதைத்தால் தண்ணீர் ஊற்றக்கூடத் தேவையில்லை. நிழல் மரங்களைக் குட்டையை விட்டுத் தள்ளிப் புறம்போக்கின் ஓரத்தில் வையுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆள் இன்னார் என்று பேர் எழுதாமல் ஒரு குழிகூட எடுக்காதீர்கள்.

கேள்வி: காங்கேயத்துக்கு அருகே எங்கள் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) முழுக்கச் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. ஒரேயடியாக வெட்டித் தள்ளிவிடலாமா?

பதில்: வெட்டினால் தூரிலிருந்து நாலாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த இடத்தைச் சும்மா விடவும் கூடாது. 2017-ல் நீதிமன்ற உத்தரவை ஒட்டி ஊரூராக ஜேசிபி இறங்கியது. எடுத்த இடத்தில் ஒன்றும் வைக்காதவர்கள் காட்டில் இன்று பழையபடி புதர்தான். ஆடு மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் போட்டுவிடுகிறது.

ஒரு வருடத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முள் எடுத்த கட்டத்தில் மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, அந்தப் பருவம் முழுக்க மாட்டை விடாதீர்கள். வேலியில் கிளுவைப் போத்து ஊன்றுங்கள். வெள்வேல் கன்று எங்கே தானாக முளைத்திருக்கிறதோ அதற்கு முள் கட்டிக் காப்பாற்றுங்கள். அதன் நெற்று கோடையில் மாட்டுக்குத் தீனி. காங்கேயம் மாடு அந்தப் புல்லிலும் அந்த நிழலிலும் உருவானது. இட்டேரி (காட்டு வண்டிப் பாதை) ஓரத்துக் கிளுவையை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஓணானும் கீரியும் காடையும் குடியிருந்த வேலி அது.

கேள்வி: நான் ஏழாம் வகுப்புப் படிக்கிறேன் பாட்டி. ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் ஊர். பள்ளத்தில் தண்ணீர் வரும் இடத்தில் எல்லோரும் மது பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். எங்கள் ஆட்டுக் காலில் கண்ணாடி ஏறிவிட்டது. நான் என்ன செய்ய முடியும்?

பதில்: ஆட்டுக்குக் காயம் ஆறிவிட்டதா கண்ணு? கால்நடை மருந்தகத்தில் ஒரு முறை காட்டிவிடு. உள்ளே சில் தங்கியிருந்தால் சீழ் வைக்கும்.

உடைந்த பாட்டிலை நீ கையால் பொறுக்காதே. அது பெரியவர்கள் வேலை. காலிப் பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டத்தை உயர் நீதிமன்றம் சொல்லி 2022-ல் நீலகிரியில் தொடங்கினார்கள். யானை காலில் கண்ணாடி குத்துகிறது என்றுதான் அந்த வழக்கே கிளம்பியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தார்கள். உங்கள் பகுதிக் கடையில் நடக்கிறதா என்று அப்பாவை விசாரிக்கச் சொல். நடக்கிறது என்றால், பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர டிரம் வைத்து, "பாட்டிலை உடைக்காமல் இதில் போடவும்" என்று நீயே எழுதி ஒட்டு. எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கும் பொறுப்பை ஊரில் ஒரு பெரியவர் ஏற்கட்டும்.

அடுத்து உன் பாட்டியிடம் ஒரு வேலை கொடு. வருடத்தில் ஆறு நாள் கிராமசபை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஓட்டு உள்ள யாரும் எழுந்து பேசலாம். பள்ளத்தில் பாட்டில் போடுவதைத் தடுக்க அறிவிப்புப் பலகையும் டிரம்மும் வேண்டும் என்று ஒரு தாளில் தெளிவாக எழுது. ஆட்டுக்கு அடிபட்டதையும் எழுது. பாட்டி அதைப் படிக்கட்டும். கூட்டம் முடிந்து கையெழுத்துப் போடும்போது, அந்தக் கோரிக்கை தீர்மான நோட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே போடச் சொல். ஏறவில்லை என்றால் எழுதும் வரைக்கும் பாட்டி அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும்.